வாசலில் அட்டை, உள்ளே வாய்ச்சொல்

காலை ஒன்பதரை மணி, கொச்சியின் தோப்பும்படி. ஜவுளிக்கடை ஒன்றின் முன் சரக்கு லாரி வந்து நிற்கிறது. டீக்கடை பெஞ்சிலிருந்து நீலச் சட்டைக்காரர்கள் நாலு பேர் எழுந்து வருகிறார்கள். தலைத்துண்டைச் சுருட்டி வைத்து, டெயில்போர்டை இறக்கி, பொதி ஒவ்வொன்றாக உள்ளே போகிறது. பேரம் எதுவும் இல்லை. ஒரு பொதிக்கு என்ன இறக்குகூலி என்பது ஏற்கெனவே சங்கங்களும் வணிகர்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது எப்போது ஏறும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

அதே நேரம் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பெண்கள் நுழைகிறார்கள். கும்பளங்கியிலிருந்து பெரும்படப்பு பாலம் தாண்டி, பள்ளுருத்தி வழியாக பஸ்ஸில் நின்றபடியே வந்தவர்கள். குடையை மடக்கி, டிபன் பாக்ஸை மூலையில் வைத்து, செல்போனை ஒப்படைத்துவிட்டு, யூனிஃபார்ம் சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு கவுண்டருக்குப் போகிறார்கள். இவர்களில் பலருக்கு நியமனக் கடிதம் கிடையாது. அடுத்த சம்பள உயர்வு எப்போது, எவ்வளவு என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: ‘ஓணம் கழியட்டும், பார்க்கலாம்.’

சங்கம் என்றால் கேரளம், கேரளம் என்றால் சங்கம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது கடை வாசல் வரைக்கும் உண்மை. வாசற்படியைத் தாண்டினால் வேறு கேரளம்.

நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்த பிறகு, ‘நிரந்தரம்’, ‘முழுநேரம்’ என்ற சொற்கள் மறுபடி பேச்சில் அடிபடுகின்றன. தொழிற்சாலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சேலை விரித்துக் காட்டுகிறவரையும் பில் போடுகிறவரையும் மளிகைப் பொட்டலம் கட்டுகிறவரையும் பற்றிப் பேச்சே இல்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

சாப்பா எறிந்த ஊர்

கும்பளங்கி என்றதும் தமிழ் வாசகருக்கு 2019-ல் வந்த படம் ஞாபகம் வரும். சீன வலை, இறால் வயல், 2003-ல் கிடைத்த மாதிரிச் சுற்றுலா கிராமம் என்ற பெயர். படத்தில் வராத ஒன்று, இந்தக் காயலோரக் கிராமங்களின் பெண்கள் பல காலமாக இறால் உரிக்கும் ஷெட்டுகளில் எடைக்கணக்கில் கூலி வாங்கியவர்கள் என்பது. குளிர்ந்த இறாலில் விரல் வெடித்த தாயின் மகள், மாதச் சம்பளம் கிடைக்கும் என்று ஜவுளிக்கடைக்குப் போனாள். அது சின்ன முன்னேற்றம் இல்லை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மட்டாஞ்சேரி. வேலை நிரந்தரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தியாவுக்கே சொல்லித்தரத் தகுதி உள்ள ஊர் அது. கொச்சித் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் சாப்பா முறை இருந்தது. சாப்பா என்றால் உலோக வில்லை, அன்றைய வேலைக்கான டோக்கன். ஆள்பிடிக்கும் மூப்பன்மார் காலையில் கூடி நிற்கும் கூட்டத்துக்குள் அதை வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்றைக்குச் சோறு. எடுக்காதவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். 1953-ல் இதை எதிர்த்து நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, செய்தலவி, ஆன்டணி என்ற மூவரை இந்த ஊர் இன்றும் தியாகிகளாகக் கொண்டாடுகிறது. கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். ராஜீவ் ரவி 2023-ல் ‘துறமுகம்’ என்று படமாக எடுத்தார்.

அந்தப் போராட்டத்தின் சாரம் கூலி உயர்வு மட்டும் அல்ல. யாருக்கு வேலை என்பதை முடிவு செய்யும் பட்டியல் மூப்பன் கையிலிருந்து பொதுவான ஓர் இடத்துக்கு வரவேண்டும் என்பதே அடிப்படைக் கோரிக்கை. துறைமுகத்தில் பின்னால் அது நடந்தது. ஊருக்குள் சுமைதூக்குகிறவர்களுக்கு 1978-ஆம் ஆண்டின் கேரள சுமட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. பதிவு, அடையாள அட்டை, நல வாரியம் எல்லாம் அதன் வழி. லாரியிலிருந்து பொதி இறக்கிய நீலச் சட்டைக்காரருக்கு முதலாளி யார் என்பது நாளுக்கு நாள் மாறும். பெயர் மட்டும் பட்டியலைவிட்டுப் போகாது. இந்த அமைப்புக்குக் கெட்ட பெயரும் உண்டு. வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்ததற்கு வாங்கிய ‘நோக்குகூலி’யை 2018 மே தினத்தன்று அரசே ஒழிக்க வேண்டிவந்தது. அதைச் சொல்லிக் கடைக்காரர்கள் சங்கம் என்ற சொல்லையே வாசலோடு நிறுத்திவிட்டார்கள் என்றால் மிகையில்லை.

சம்பளம் எந்த வழியாக ஏறுகிறது?

கடைக்குள் வேலை செய்பவருக்குச் சம்பளம் ஏற மூன்று வழிகள்.

முதலாவது, விலைவாசிப் புள்ளி. கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பில் அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியும் சேர்ந்து வரும். எர்ணாகுளம் மையத்துக்கென்று மாதாமாதம் கணக்கிடப்படும் நுகர்வோர் விலைக் குறியீடு ஏறினால், புள்ளிக்கு இவ்வளவு என்று பஞ்சப்படியும் ஏற வேண்டும். இதை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, சட்டப்படி தானாக நடக்க வேண்டியது. ஆனால் சம்பளச் சீட்டே கொடுக்காத கடையில் பஞ்சப்படி ஏறியதா இல்லையா என்று எதைப் பார்த்துச் சொல்வது?

இரண்டாவது, அடிப்படைக் கூலியையே திருத்துவது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்பது விதி. ஆலோசனைக் குழுவில் முதலாளி தரப்பும் சங்கத் தரப்பும் உட்கார்ந்து பேசும். அதில் போய் உட்காரும் சங்கப் பிரதிநிதி பெரும்பாலும் சேலைக் கவுண்டரில் நின்றவராக இருப்பதில்லை.

மூன்றாவதுதான் உண்மையான சங்க வழி: நிர்வாகத்தோடு ஒப்பந்தம். மூன்று அல்லது நாலு வருடத்துக்கு இவ்வளவு, சீனியாரிட்டிக்கு இவ்வளவு, போனஸ் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. பெரிய கூட்டுறவு நிறுவனங்களிலும் பொதுத்துறையிலும் இது நடக்கும். தனியார் ஜவுளிக்கடையில் இந்தப் பேச்சுவார்த்தை மேசையில் முதலாளி மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறார். சீசனில் யார் அதிகம் விற்றார், யார் லீவு போடவில்லை, யார் எதிர்த்துப் பேசவில்லை என்பதெல்லாம் சேர்ந்து ஒரு தொகையாகும். ஒரே கவுண்டரில் ஒரே வருடம் சேர்ந்த இரண்டு பேர் வேறு வேறு சம்பளம் வாங்குவதும், இருவருக்கும் அது தெரியாமல் இருப்பதும் இப்படித்தான்.

பெட்டி: நாள் கணக்கு

179 நாள்: கேரளத்தில் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக அரசுத் தற்காலிகப் பணிக்கு எடுப்பவர்களுக்கு வழக்கமான காலம். 180-ஐத் தொடாது.

240 நாள்: ஒரு வருடத்தில் இத்தனை நாள் வேலை செய்தால் அது தொடர்ச்சியான ஓராண்டுப் பணி. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு இதுதான் அடிப்படை.

480 நாள்: 24 மாதத்தில் இத்தனை நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம்.

80 நாள்: பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் இத்தனை நாள் வேலை செய்திருந்தால் 26 வார மகப்பேறு விடுப்பு உரிமை.

5 வருடம்: நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை கிடைக்க வேண்டிய காலம்.

உட்காருவதற்கு ஒரு சட்டம்

கடைப் பெண்கள் சங்கம் வைத்த கதையைச் சொல்ல கோழிக்கோடு போக வேண்டும். மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த பி. விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை சம்பளம் அல்ல, கழிப்பறை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நின்றவர்களுக்கு அதுதான் முதலில் தோன்றியது. அடுத்து, உட்காரும் உரிமை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட ஸ்டூலில் உட்கார்ந்தால் அபராதம் என்ற நிலை இருந்தது.

2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரில் கல்யாண் சாரீஸ் கடைமுன் ஆறு பெண்கள் உட்கார்ந்தார்கள். சங்கத்தில் சேர்ந்ததால்தான் தங்களை வெளியூர்க் கிளைக்கு மாற்றினார்கள் என்பது அவர்கள் புகார். நூறு நாளைத் தாண்டியது போராட்டம். தொழிலாளர் துறை நடுவில் வந்த பிறகே முடிந்தது. 2018-ல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அந்த வருடம் பிபிசி-யின் நூறு பெண்கள் பட்டியலில் விஜி இடம்பெற்றார். 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் தன் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. தி.நகர் ரங்கநாதன் தெரு ஊழியரின் வாழ்க்கையை வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’வாகக் காட்டிப் பதினொரு வருடம் கழித்து.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திருச்சூர்ப் பெண்கள்மேல் வந்த தண்டனை வேலைநீக்கம் அல்ல, இடமாற்றம். பதினைந்தாயிரத்தை ஒட்டிய சம்பளம் வாங்குகிற, பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிற பெண்ணுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி மாற்றல் என்றால், வேலையை விட்டுப் போ என்றுதான் அர்த்தம். ராஜினாமாக் கடிதத்தை அவளே எழுதுவாள். கணக்கில் அது வேலைநீக்கமாக ஏறாது. வேலை எங்கே, எத்தனை மணிநேரம் என்று எழுதிய காகிதம் இருந்திருந்தால் வாதாட ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அதே 2018 திருத்தம் பெண்களை இரவு ஒன்பது வரை வேலைக்கு வைக்கவும் அனுமதித்தது. அதற்குமேல் என்றால் குறைந்தது ஐந்து பேர் குழுவாக, அதில் இரண்டு பேராவது பெண்களாக, வண்டி வசதியோடு. நகரத்துக்கு இது சரி. ஒன்பது மணிக்குக் கடை மூடி, கணக்கு முடித்து, கலைத்துப் போட்ட சேலைகளை மறுபடி மடித்து வைத்துவிட்டு வெளியே வரும் கும்பளங்கிப் பெண்ணுக்குக் கடைசி பஸ் கிடைக்குமா என்பதைச் சட்டம் கேட்கவில்லை. மடிக்கும் அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி உண்டா என்று சூப்பர்வைசரும் கேட்பதில்லை.

பி.எஸ்.சி. என்னும் கதவு

கொச்சியில் கடை வேலையே வேறு மாதிரி இருக்கும் இடங்களும் உண்டு. சப்ளைகோ, அதாவது 1974-ல் தொடங்கிய கேரள மாநில சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன், தலைமை அலுவலகமான மாவேலி பவனைக் கொச்சி காந்தி நகரில்தான் வைத்திருக்கிறது. அதன் மாவேலி ஸ்டோரில் அசிஸ்டென்ட் சேல்ஸ்மேன் வேலைக்குப் பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். மாவட்டவாரியாக ரேங்க் பட்டியல் வரும். ஒரு தடவை உள்ளே போய்விட்டால் சம்பள விகிதம், வருடாந்திர இன்க்ரிமென்ட், பஞ்சப்படி எல்லாம் வரிசையாக வரும். அரிசி எடைபோடும் அந்த வேலைக்குப் பட்டதாரிகள் ஏன் முட்டி மோதுகிறார்கள் என்று கேலி பேசுவோர், பக்கத்து ஜவுளிக்கடைச் சம்பளத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதே மாவேலி ஸ்டோரின் பின்னறையில் பருப்பும் மிளகாயும் பொட்டலம் கட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் தினக்கூலி. வருடக்கணக்கில் அதே தராசு, அதே மூட்டை. முன்னால் பில் போடுபவருக்கும் பின்னால் பாக்கெட் ஒட்டுபவருக்கும் நடுவில் ஒரே ஒரு திரை.

பெவ்கோவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கேரள அரசின் மதுக்கடைகளை நடத்தும் நிறுவனம் அது. 2024 ஓணத்துக்கு நிரந்தர ஊழியருக்கு ஊக்கத்தொகையாக 95,000 ரூபாய் தந்தது; 2025-ல் அது ஒரு லட்சத்தைத் தாண்டி, நாடு முழுக்கச் செய்தியானது. அதே கடையைக் கூட்டிப் பெருக்கும் பகுதிநேரப் பணியாளருக்குக் கிடைத்தது சில ஆயிரங்கள். லாபம் ஈட்டிய கடை ஒன்றுதான். பெயர் ஏறிய பதிவேடு வேறு.

சங்கம் இருந்தும் ஏறாத படி: டாஸ்மாக்

சங்கம் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிகர் எந்த ஜவுளி அதிபரும் அல்ல, டாஸ்மாக்தான். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தபோது தொகுப்பூதியத்தில் ஆட்களைச் சேர்த்தது. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., எல்.பி.எஃப். என்று சங்கங்களுக்குக் குறைவே இல்லை. மறியல், பேரணி, கைது எல்லாம் பார்த்தாகிவிட்டது. இருபது வருடம் கடந்தும் முதல் கோரிக்கை மாறவில்லை: பணி நிரந்தரம், காலமுறை ஊதியம்.

பெட்டி: சட்டசபையில் ஏறும் சம்பளம்

2023 ஏப்ரல் முதல்: மேற்பார்வையாளருக்கு 1,100 ரூபாய், விற்பனையாளருக்கு 930, உதவி விற்பனையாளருக்கு 840 உயர்வு.

2025 ஏப்ரல் முதல்: மூன்று பிரிவினருக்கும் ஒரே மாதிரி 2,000 ரூபாய். பயன்பெறுவோர் 23,629 பேர்.

தீபாவளி போனஸ்: 20 சதவீதம். கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு மாதம் 7,000 ரூபாய் என்பதால் கைக்கு வருவது அதிகபட்சம் 16,800.

இந்தப் பெட்டியை எர்ணாகுளம் பெவ்கோ ஊழியர் படித்தால் சிரிப்பார். உயர்வு வந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. வந்த விதம்தான் விஷயம். இன்க்ரிமென்ட் என்பது நாள்காட்டியைப் பார்த்து வருவது. டாஸ்மாக்கில் அது மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் எழுந்து வாசிக்கும் அறிவிப்பு. அறிவித்தால் உண்டு, அறிவிக்காத வருடம் இல்லை. இருபது வருட அனுபவம் உள்ளவருக்கும் பின்னால் சேர்ந்தவருக்கும் ஒரே தொகை. சீனியாரிட்டிக்கு அங்கே விலை கிடையாது.

480 நாள் சட்டம் இருக்கும் மாநிலத்திலேயே இது. அரசு தரப்பு எப்போதும் நீட்டுகிற கேடயம், உமாதேவி வழக்கில் 2006 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. தேர்வு முறையைத் தாண்டி உள்ளே வந்த தற்காலிக ஊழியர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது அது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம், நீண்டகாலம் நிரந்தர வேலையைச் செய்தவர்களை வெளியே தள்ளுவதற்கு உமாதேவியை ஆயுதமாக்கக் கூடாது என்று கண்டித்தது. அந்த வழக்கில் வென்றவர்கள் துப்புரவுப் பணியாளர்களும் ஒரு தோட்டக்காரரும். தீர்ப்பு வந்துவிட்டது, கார்ப்பரேஷன்கள் அதைப் படித்துவிட்டதாகத் தெரியவில்லை.

முழுநேரம் இல்லாததன் விலை

சம்பளம் குறைவு என்பது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். கண்ணுக்குத் தெரியாதவைதான் அதிகம்.

இ.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்வோம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு ஊழியர் பங்கு மாதம் 112 ரூபாய் 50 காசு, கடைக்காரர் பங்கு 487 ரூபாய் 50 காசு. குடும்பத்துக்கே மருத்துவம், பிரசவ காலச் சம்பளம், விபத்துக்கு ஈடு. எட்டு மணி நேரம் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டவருக்கு இதைவிடப் பெரிய சம்பள உயர்வு ஏது? ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத ‘டிரெய்னி’க்கும் ‘சீசன்’ ஆளுக்கும் இது இல்லை. இன்னொரு சிக்கல், 21,000 ரூபாய் என்ற வரம்பு. நல்ல சங்கம் போராடிச் சம்பளத்தை அதைத் தாண்ட வைத்தால், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஊழியர் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போகிறார். சட்டபூர்வ போனஸுக்கும் அதே 21,000தான் கோடு. சில நூறு ரூபாய் உயர்வுக்காக ஆஸ்பத்திரியை இழப்பதா என்று யோசிக்கிறவர்கள் உண்டு.

வருங்கால வைப்புநிதி விஷயத்தில் பழியை முதலாளி தலையில் மட்டும் போடுவது நியாயமாகாது. 15,000-க்கு 12 சதவீதம் என்றால் 1,800 ரூபாய் கையிலிருந்து போகும். குழுக்கடன் தவணை கட்டுகிற பெண், பிடித்தம் வேண்டாம், முழுசாகக் கொடுத்துவிடுங்கள் என்று தானே கேட்பாள். கடைக்காரருக்கும் அவர் பங்கு மிச்சம். இரண்டு பேரும் சந்தோஷமாகக் கைகுலுக்கும் இந்த ஏற்பாட்டின் கணக்கு அவளுடைய ஐம்பத்தைந்தாவது வயதில்தான் வெளியே வரும்.

வங்கி வாசலிலும் இதே கதை. சம்பளச் சீட்டு, பணிச் சான்று இரண்டும் இல்லாதவருக்கு வீட்டுக் கடன் மேலாளர் முகம் கொடுக்க மாட்டார். கும்பளங்கியில் கரையோர வீடு உப்புநீர் ஏறி அரித்துப் போனால் பழுது பார்க்கவும் மைக்ரோ ஃபைனான்ஸ்தான் கதி. ஒரே தெருவில் சப்ளைகோவில் நிரந்தரமான மருமகள் வங்கி வட்டியிலும், ஜவுளிக்கடை மருமகள் வாரத் தவணையிலும் வீட்டைக் கட்டினால், இரண்டு வீட்டுக்கும் ஆன செலவு ஒன்றாக இருக்காது.

அமெரிக்காவில் மட்டும் என்ன?

அங்கே சூப்பர் மார்க்கெட் ஊழியர்களுக்கு யு.எஃப்.சி.டபிள்யு. என்ற பெரிய சங்கம் உண்டு. அதன் ஒப்பந்தங்கள் பலவற்றில் சம்பளம் ஏறுவது வருடக் கணக்கில் அல்ல, வேலை செய்த மணிக்கணக்கில். வாரம் இருபது மணிநேரம் கிடைப்பவர், நாற்பது கிடைப்பவர் ஏறும் படியை அடைய இரண்டு மடங்கு காலம் ஆகும். ஆகவே அங்கே சண்டையே மணிநேரத்துக்குத்தான். முழுநேர இடம் காலியானால் சீனியாரிட்டி வரிசைப்படி கேட்கலாம் என்ற ஷரத்துக்கு உயிரைக் கொடுப்பார்கள். 2003 அக்டோபரில் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 60,000 பேர் நாலரை மாதம் வெளியே நின்றார்கள். கடைசியில் சங்கம் ஒப்புக்கொண்டது என்ன தெரியுமா? பழைய ஆட்களுக்குப் பழைய சம்பளம், இனி வருபவர்களுக்குக் குறைந்த சம்பளம். ஒரே கல்லாவில் இரண்டு படிநிலை. 2007 ஒப்பந்தத்தில்தான் அதைக் களைய முடிந்தது. உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற, வரப்போகிறவரை விற்கிற இந்தப் பழக்கம் நம் ஊர்ச் சங்கங்களுக்கும் புதிது அல்ல. மாவேலி ஸ்டோர் பின்னறையைப் பார்த்தால் போதும்.

இனி என்ன?

புதிய தொகுப்புகளில் கடை ஊழியருக்கு இரண்டு விஷயம் நேரடியாகப் படும். ஒன்று, குறித்த கால நியமனம். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று எழுதி எடுத்துக்கொள்ளலாம். நிரந்தர ஊழியருக்குள்ள சலுகைகளைத் தர வேண்டும், பணிக்கொடை ஒரே வருடத்தில் உண்டு. வாய்ச்சொல்லில் காலம் தள்ளுகிறவருக்கு இது மேல். ஏற்கெனவே நிரந்தரமானவரின் நாற்காலி காலியானால் அங்கே இனி யார் வருவார் என்பதைத்தான் சங்கங்கள் சந்தேகிக்கின்றன. அந்தச் சந்தேகம் நியாயமானது. குறித்த காலம் முடிந்தது என்று சொல்லிவிட்டால் போதும். ஆட்குறைப்பு என்றே அதைக் கருத வேண்டியதில்லை. பொங்கல், ஓணம், கிறிஸ்துமஸ் என்று சீசனை வைத்துப் பிழைக்கும் தொழிலில் இந்த வசதியை எந்த முதலாளி விடுவார்? மேலும் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், தனித்த பேச்சுவார்த்தை உரிமை 51 சதவீத ஊழியர் ஆதரவு உள்ள சங்கத்துக்கு என்கிறது புதுச் சட்டம். நாற்பது பெண்கள் வேலை செய்யும் அப்படிப்பட்ட கடையில் இருபத்தோரு பேர் வெளிப்படையாகப் பெயர் கொடுக்க வேண்டும். திருச்சூரில் ஆறு பேர் பெயர் கொடுத்தபோது என்ன நடந்தது என்று மற்ற கடைகளுக்குத் தெரியும்.

இரண்டாவது, நியமனக் கடிதம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு. பதவி, சம்பளம், சேர்ந்த தேதி எல்லாம் ஒரே தாளில். 240 நாளையும் 80 நாளையும் ஐந்து வருடத்தையும் எண்ணத் தொடங்க அந்தத் தேதிதான் வேண்டும். கொச்சியின் கடைப் பெண்கள் முதலில் கேட்க வேண்டியது சம்பள உயர்வு அல்ல, இந்தத் தாள் என்றே எனக்குப் படுகிறது. கேட்கச் செலவு இல்லை. கொடுக்க மறுத்தால் புகாருக்கு அதுவே காரணம்.

ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் உள்ள கடைக்கு அந்தத் தொகுப்பு பொதுவாகப் பொருந்தாது. பெரும்படப்பிலும் பள்ளுருத்தியிலும் கடைத்தெருவில் நடந்து பார்த்தால், ஒரு முதலாளி, இரண்டு மூன்று பெண்கள், ஒரு பையன் என்று ஓடுகிற கடைகள்தான் வரிசையாக இருக்கின்றன.